பூனைக்கு ஒரு மண் தட்டு



வீடு வீடாகச் சென்று பெண்களைச் சந்தித்துக் கதைப்பது எனது தொழில். குடும்ப விபரம், வருமானம், பிள்ளைகளின் படிப்பு, நோய்நொடி என்று படிவத்தில் உள்ள கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்த பின்னர், படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றையும் நான் கேட்பதுண்டு. "அக்கா, கடைசியாக எப்போது வெளியிலே போனீங்கள்?"

"போன கிழமை கிளினிக்குக்குப் போனேன்." "செத்தவீடு ஒன்றுக்குப் போனேன்." "பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனேன்." இப்படித்தான் பதில் வரும். "அதில்லை அக்கா, சும்மா, ஆசைக்கு எங்கேயாவது?" என்றால் முதலில் சிரிப்பு வரும். பிறகு காரணங்கள் வரும். அடுப்பில் சோறு, முற்றத்தில் கோழி, பூட்டுச் சரியில்லாத கதவு, படுக்கையில் மாமி. வீட்டைப் பார்க்க ஆள் இல்லை.

இவை பொய்யான காரணங்கள் அல்ல. 2017 ஆம் ஆண்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், நம் நாட்டு மக்கள் ஒரு நாளின் 24 மணித்தியாலங்களை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு ஆண்களைவிடப் பெண்கள் மிகக் கூடுதலான நேரத்தைக் கொடுக்கிறார்கள் என்பது அதில் தெளிவாக வந்தது. நமக்குத் தெரியாத விடயமா அது? என்றாலும், சொல்லப்படும் காரணத்துக்குப் பின்னால் சொல்லப்படாத காரணம் ஒன்று ஒளிந்திருப்பதும் உண்டு. எங்கள் வீட்டில் அது ஒரு பூனைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. அண்மையில் ஒரு வார இறுதியில் அது வெளிப்பட்ட விதத்தை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் வீட்டில் நால்வர். நான், கணவர், ஒன்பது வயது மகள், என் பெரியம்மா. அம்மா இறந்த பின்னர் என்னை வளர்த்து ஆளாக்கியவர் பெரியம்மாதான். 1995 ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் வெளிக்கிட்டபோது, ஆறு வயதுப் பிள்ளையான என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவர். 2001 இல் கொழும்புக்கு வந்தோம். அன்றிலிருந்து வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. பெரியம்மாவுக்குச் சந்தை தெரியும், கோயில் தெரியும், மருந்துக்கடை தெரியும். எல்லாம் பத்து நிமிட நடைக்குள். அதற்கு அப்பால் கொழும்பு அவருக்கு வேறு நாடு.

ஐந்தாவது ஆள், சிவலை. இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு மழை இரவில் எங்கள் மாடிப்படியில் நனைந்துபோய்க் கிடந்த குட்டி. செம்மஞ்சள் நிறம். ஊரில் சிவத்த மாட்டுக்கு வைக்கும் பெயரைப் பெரியம்மா இதற்கு வைத்தார். "விடிஞ்சதும் கொண்டு போய் விட்டுடுங்கோ" என்று முதலில் சொன்னவரும் அவர்தான். இன்று சூடை மீனின் தலையை முள் நீக்கிப் பிசைந்து வைப்பவரும் அவர்தான்.

சிவலையின் திருவிளையாடல்களைச் சொல்லப் போனால் இந்தப் பக்கம் போதாது. காலை ஐந்து மணிக்குப் பெரியம்மாவின் கன்னத்தில் முன்னங்காலால் மெல்லத் தட்டும். எழும்பாவிட்டால் மேசையில் உள்ள மூக்குக்கண்ணாடியை ஓரம் வரை தள்ளிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்கும். அப்பவும் எழும்பாவிட்டால் கண்ணாடி கீழே விழும். சுளகை எடுத்தால் அதற்குள் போய்ச் சுருண்டு படுக்கும். இடியப்பத்துக்கு மா குழைத்தால் அன்று நிலமெல்லாம் வெள்ளைக் காலடி. நெத்தலிக் கருவாட்டுப் பை எந்த அலுமாரியில் இருக்கிறதென்று என்னைவிட அதற்கு நன்றாகத் தெரியும். "மூதேவி, பகல் முழுக்க நித்திரை, ஒரு வேலை இல்லை, ஒரு கவலை இல்லை" என்று பெரியம்மா ஏசுவார். ஏச்சுக்குள் கொஞ்சம் பொறாமையும் இருப்பதாக எனக்குப் படும்.

அந்தச் சனிக்கிழமை மகளின் பள்ளிக்கூட ஒப்படை ஒன்றுக்காக அருங்காட்சியகம் போகத் திட்டமிட்டோம்.

"நீங்கள் போட்டு வாங்கோ. பூனையை ஆர் பாக்கிறது?" என்றார் பெரியம்மா. இது வழமையான பதில். பூனை வருவதற்கு முன்னர் "வாசற்கதவை ஆர் பாக்கிறது?" என்பார். மகள் விடவில்லை. "அம்மம்மா வராட்டி நானும் போகேல்லை" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சீலை மாற்றிக்கொண்டு வந்தார். புறப்படுமுன் நான் கொடுத்த தேநீரை மட்டும் "வேண்டாம், வயிறு பாரமாக் கிடக்கு" என்று தள்ளி வைத்தார்.

கொழும்பு தேசிய அருங்காட்சியகம் ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டடத்தைக் கட்டி எழுப்பியவர் வாப்பிச்சி மரிக்கார் என்பதை மகளுக்குச் சொன்னேன். காலியில் 1911 இல் கண்டெடுக்கப்பட்ட மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்த கல் அது. 1409 ஆம் ஆண்டைக் குறிப்பிடுகிறது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுத்துக்கள். பழந்தமிழ் எழுத்துக்களில் தனக்குத் தெரிந்தவற்றை மகள் விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள்.

பெரியம்மா நின்றது வேறோர் இடத்தில். பொலன்னறுவையிலிருந்து கிடைத்த வெண்கலச் சிலைகளில் காரைக்கால் அம்மையாரும் ஒருவர். எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு, வாய் நிறையச் சிரித்தபடி இருக்கும் உருவம். பெரியம்மா அதன் முன்னால் கனநேரம் நின்றார். "எல்லாத்தையும் விட்டுட்டு நடந்து போனவ. எவ்வளவு சந்தோசமா இருக்கிறா பார்" என்றார். அவர் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை. வெளியே கூட்டிவந்தால்தான் மனிதர்களுக்குள் இருக்கும் கதைகளும் வெளியே வரும் போலும்.

அடுத்து விகாரமகாதேவி பூங்கா. மர நிழலில் இருந்து, கொண்டுபோன பாணும் சம்பலும் சாப்பிட்டோம். பெரியம்மா அரைத் துண்டு சாப்பிட்டார். தண்ணீர்ப் போத்தலைத் தொடவில்லை. பன்னிரண்டரை மணிக்கே "வெய்யில் ஏறுது, போவம் பிள்ளை" என்று எழுந்துவிட்டார். மகள் ஊஞ்சலை விட்டு வர மனமில்லாமல் வந்தாள். முச்சக்கரவண்டியில் வரும்போது பெரியம்மா ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கதவைத் திறந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கழிப்பறைக்கு ஓடினார். நான் அதைக் கவனித்துக்கொண்டேன்.

கணவரின் கண்ணில் பட்டது வேறு காட்சி. பயறு போத்தல் கவிழ்ந்து கூடம் முழுவதும் பயறு. யன்னல் சீலையின் ஒரு பாதி நிலத்தில். அயர்ன் பண்ணி மடித்து வைத்திருந்த பள்ளிக்கூடச் சீருடையின் மேல் செம்மஞ்சள் மயிர் மெத்தை. அதன் நடுவில் நாலு காலையும் நீட்டிக்கொண்டு சிவலை நித்திரை.

"இதுக்குத்தான் சொல்லுறது, வீட்டில ஆரும் ஒராள் நிக்க வேணும் எண்டு" என்றார் கணவர். அந்த "ஒராள்" யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. பெரியம்மா உடனே பிடித்துக்கொண்டார். "ஓம் தம்பி, நாளைக்கு நீங்கள் மூண்டு பேரும் காலிமுகத்திடலுக்குப் போங்கோ. நான் நிக்கிறன்." அவர் குரலில் இருந்தது கவலையல்ல, நிம்மதி.

தோழிகளே, அன்று மாலை உப்பரிகையில் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அங்கே ஒரு மூலையில் சிவலைக்கு ஒரு பிளாஸ்டிக் தட்டில் மண் போட்டு வைத்திருக்கிறோம். தன் கழிவை மண்ணால் மூடி மறைப்பது பூனையின் பிறவிக் குணம். அந்த நேரத்தில் யாராவது பார்த்தால் சிவலைக்குப் பிடிக்காது. மகள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவும் தட்டில் நின்றபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை.

"இஞ்சால வா பிள்ளை. அதுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்கு" என்று பெரியம்மா அவளை இழுத்தார். பிறகு என்னைப் பார்த்து, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "பூனைக்கு ஒரு மண் தட்டு வச்சுக் குடுத்திட்டியள். எங்களைப் போல ஆக்கள் ரோட்டில இறங்கினா எங்க போறது?"

"அதுதான் காலையில் இருந்து தண்ணி குடிக்கேல்லையோ பெரியம்மா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிரஷருக்கு எடுக்கும் குளிசையால் அடிக்கடி போகவேண்டி வருகிறது. தும்மினால், இருமினால் சில வேளை அடக்க முடிவதில்லை. முழங்கால் நோவால் குந்தி இருக்கவும் ஏலாது. சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் வெளியே போனபோது, வழியில் ஒரு பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தாராம். கொண்டி இல்லை, தண்ணீர் இல்லை, வாசலில் ஆண்கள் கூட்டம். அன்றோடு வெளியே போவதில்லை என்று முடிவெடுத்தவர். அதற்கு முந்திய கதை ஒன்றும் இருந்தது. 1995 இல் அந்த இரவு, மழைக்குள் அவ்வளவு சனம் நெருக்கிக்கொண்டு நடந்தபோது, இருட்டும் சீலையும் மட்டுமே பெண்களுக்கு மறைப்பாக இருந்தன. விடிந்த பின்னர் அதுவும் இல்லை. "உன்னை ஆரிட்டயும் குடுக்கப் பயம். இடுப்பில வச்சுக்கொண்டு அடக்கிக்கொண்டு நடந்தன். அதை நினைச்சா இப்பவும் அடிவயிறு இழுக்கும்" என்றார்.

சமூகவியல் படிக்கும்போது பொதுவெளி, தனிவெளி என்றெல்லாம் எத்தனையோ பக்கங்கள் வாசித்திருக்கிறேன். பெரியம்மா அதை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டார். ஒரு நகரத்தில் யாருக்கு இடமிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அந்த நகரத்தில் யாருக்குக் கழிப்பறை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

இது பெரியம்மா ஒருவரின் கதை மட்டுமல்ல. பிள்ளைப் பேற்றினாலும் மாதவிடாய் நின்ற பின்னரும் இடுப்புக் கூட்டின் அடித்தளத் தசைகள் தளர்வதால் பல பெண்களுக்குச் சிறுநீரை அடக்குவது கடினமாகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு அடிக்கடி போகவேண்டியிருக்கும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில குளிசைகளும் சிறுநீரைக் கூட்டும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் விடுவதும், மணிக்கணக்காக அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும். வெய்யிலில் தலைசுற்றி விழவும் கூடும். வெளியே போவதற்காகக் குளிசையை நீங்களாகவே நிறுத்தவும் கூடாது. எந்த நேரத்தில் எடுப்பது வசதி என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

வயது போனால் இப்படித்தான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கவும் தேவையில்லை. சிறுநீர் போவதை அடக்குவதைப் போல அந்தத் தசைகளை இறுக்கி, சில விநாடிகள் வைத்திருந்து, பின் தளர்த்தும் பயிற்சியை நாளாந்தம் செய்துவந்தால் பலருக்குக் குணம் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக 1996 முதல் பெண்கள் நலக் கிளினிக்குகள் நடத்தப்பட்டு வருகின்றன. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே பரிசோதிப்பார்கள். இந்தச் சிரமத்தையும் அங்கே வாய்விட்டுச் சொல்லலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் கிளினிக் நாளைச் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டில் ஒரு வரைபடம் தயாரானது. வரைந்தவள் மகள். வீட்டிலிருந்து காலிமுகத்திடல் வரை ஒரு கோடு. அதில் கழிப்பறை உள்ள இடங்களுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி. கணவர் நண்பர்கள் இருவருக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தார். திடலுக்கு அருகில் உள்ள பெரிய கடைத்தொகுதி ஒன்றில் கதிரை போல இருக்கும் கழிப்பறை உண்டு, காசும் இல்லை என்று அறிந்து சொன்னார். "மாமி, முதல் அங்க போட்டுத்தான் திடலுக்குப் போறம்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது பெரியம்மா வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் சீலை மாற்றப் போனார். நேற்றுச் சொன்ன பூனைக் காரணத்தை யாரும் மீண்டும் எடுக்கவில்லை.

பூனைக்கும் ஒழுங்கு செய்தோம். பயறு போத்தல் அலுமாரிக்குள். சீருடை பெட்டிக்குள். யன்னல் சாத்தியாயிற்று. ஒரு கோப்பையில் தண்ணீர், ஒரு கோப்பையில் மீன்சோறு, மண் தட்டில் புது மண். ஐந்து நிமிட வேலை. வளர்ந்த பூனை ஒன்றுக்கு ஒரு பின்னேரத்தைத் தனியே கழிப்பது பெரிய காரியமல்ல. பகலில் பெரும்பகுதியை அது நித்திரையில்தான் போக்குகிறது. அதற்கு ஆள் காவல் தேவையில்லை.

வெள்ளவத்தையில் பஸ் ஏறி நாலரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சிவப்புப் புள்ளியில் இறங்கி, பிறகு திடலுக்கு நடந்தோம். கடற்காற்றில் பெரியம்மாவின் சீலைத் தலைப்புப் பட்டம் போலப் பறந்தது. கடலோர நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1856 இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை இது என்றும், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதிப் பேணப்பட வேண்டும் என்று தனக்குப் பின் வருபவர்களிடம் அவர் கேட்டுக்கொள்கிறார் என்றும் அதில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். வாசித்துத் தமிழில் சொன்னேன். அந்தக் காலத்து ஆளுநர் மனதில் நினைத்த பெண்கள் குதிரை வண்டியில் வந்த துரைசானிமார்தான். மூட்டை தூக்கிய பெண்களை அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் கல்லில் எழுதியது எழுதியதுதானே?

"அப்ப இது எங்கட இடம்" என்றார் பெரியம்மா. நிலத்தில் வசதியாக இருந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, பாதிக்கு மேல் குடித்தார். மகளோடு பங்கு போட்டு இறால் வடை சாப்பிட்டார். உறைப்பில் கண்ணீர் வர மறுபடியும் குடித்தார். ஒருமுறை எழுந்து என்னோடு அந்தக் கடைத்தொகுதிக்குப் போய் வந்தார். திரும்பி வந்து, "இப்ப அவசரமில்லை. சூரியன் விழட்டும்" என்று மீண்டும் இருந்தார். இருபது வருடங்களுக்கு மேலாகக் கடலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவர், அது இருளும் வரை இருந்து பார்த்தது அன்றுதான்.

இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பியபோது பயறும் கொட்டவில்லை, சீலையும் கிழியவில்லை. சிவலை கணவரின் சப்பாத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தது. நாங்கள் வந்ததைக் கண்டு ஒரு கண்ணைத் திறந்து மூடியதோடு சரி.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் "நீங்கள் போட்டு வாங்கோ, நான் நிக்கிறன்" என்று சொல்லும் ஓர் அம்மாவோ மாமியோ அக்காவோ இருக்கக்கூடும். அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டுவிட்டு, தனியாக இருக்கும்போது இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். காலையில் தண்ணீர் குடித்தாரா என்று பாருங்கள். பயணம் போகுமுன் எங்கே இறங்கலாம் என்று விசாரித்து வையுங்கள். மாற்று உள்ளாடை ஒன்றும் சிறு துவாய் ஒன்றும் பையில் கிடக்கட்டும். பெரிய பிள்ளையான மகள்மாருக்கும் மாதத்தில் சில நாட்கள் இதே சிக்கல்தான். பூனை வளர்ப்பவர்கள் மண் தட்டை நாளாந்தம் துப்புரவு செய்து கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கர்ப்பிணிகள் இருந்தால் அந்த வேலையை வேறொருவர் செய்யட்டும். பூனையின் கழிவில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கருவைப் பாதிக்கக்கூடும்.

வீட்டுக்குள் செய்யக்கூடியது இவ்வளவுதான். மிச்சம் வெளியே இருக்கிறது. உள்ளூராட்சி மன்றங்களில் பெண்களுக்கு 25 வீத இடம் என்று 2016 இல் சட்டம் திருத்தப்பட்டு, 2018 தேர்தலில் முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. ஆகவே உங்கள் மாநகர சபையிலோ நகர சபையிலோ பிரதேச சபையிலோ பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு அவர்களில் ஒருவரை அழையுங்கள். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் பெண்களுக்கு எத்தனை கழிப்பறை இருக்கிறது? கதவுக்குக் கொண்டி இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? இரவில் மின்குமிழ் எரிகிறதா? அணையாடை போட ஒரு கூடை இருக்கிறதா? முழங்கால் நோ உள்ளவர் இருந்து எழும்பலாமா? இந்த ஆறு கேள்விகளையும் ஒரு கடதாசியில் எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்து அவர் கையில் கொடுங்கள். அடுத்த மாதம் பதில் கேளுங்கள்.

எங்கள் வீட்டு வரைபடம் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அடுத்த முறை தெஹிவளை மிருகக்காட்சிச் சாலைக்குப் போகவேண்டும் என்று பெரியம்மாவே சொல்லியிருக்கிறார். சிவப்புப் புள்ளிகளை மகள் இப்போதே தேடத் தொடங்கிவிட்டாள்.